மதிலைக் கரைத்த சாபிரா அம்மையாருக்கு

முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் வட்டத்து முல்லைச்சாரல் கலை அறிவியல் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தோராண்டு காலம் ஆய்வக உதவியாளராய் அரும்பணி ஆற்றி, இன்று மாலை சாவிக்கொத்தை ஒப்படைத்து ஓய்வுபெறும் மதிப்புமிகு அம்மையார் சாபிரா பேகம் அவர்களுக்கு, உடன் உழைத்த ஆசிரியர்களும் அலுவலர்களும் ஒருமனதாய் எழுதி உவந்தளிக்கும் மடல் இது.

ஒளியை ஊட்டி வளர்த்தவரே! இருளையும் ஏவல் கேட்க வைத்தவரே! எண்ணெய் டின்னுக்குள் நிலவைக் குடிவைத்தவரே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

இதைக் கேட்டதும் உங்கள் முகம் எப்படிச் சுளிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். "ரொம்ப வெளிச்சம் போடாதீக சார், மூஞ்சி வெளுத்துப் போகும்" என்று ஒத்திகைக்கு ஒத்திகை சொன்னவர் நீங்கள். இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தோராண்டு நீங்கள் எங்கள் முகத்தில் அடித்த வெளிச்சத்தில் ஒரு கையளவாவது உங்கள் முகத்தில் திருப்பி அடிக்காமல் உங்களை வீட்டுக்கு அனுப்புவதாக இல்லை.

இந்த மடலை எழுதியவன் தமிழ்த்துறைத் தங்கப்பாண்டியன். வாசிப்பவர் வேதியியல் துறை ஜெபமணி அம்மையார். எழுதியவனே வாசித்தால் என்ன என்று அவையோர் நினைக்கலாம். அவனுக்கு இப்போது வேறொரு வேலை இருக்கிறது, முடிவில் தெரியும். இந்தத் திறந்தவெளி அரங்கில் நுழைந்ததும் "மெயின் சுவிச்ச யாரு போட்டது?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்காமல் இருந்தால் அது சாபிராம்மாவே இல்லை. அதற்குப் பதிலும் முடிவில்தான்.

கண்ணாடிக்குக் காவல் நின்றவரே! முப்பட்டகங்களைப் பழைய பனியன் துணியில் சுற்றி, லென்சுகளைப் பஞ்சில் படுக்க வைத்து, ஒரு கீறல் விழாமல் தலைமுறை தலைமுறையாய் மாணவர் கையில் கொடுத்து வாங்கினீர்கள். செய்முறைத் தேர்வன்று கை நடுங்கும் பிள்ளைக்கு விடை சொல்லிக் கொடுத்ததில்லை. "மொதல்ல ஒரு வாய் தண்ணி குடி ஆத்தா, கருவி எங்கயும் ஓடிப்போகாது" என்று மட்டும் சொல்வீர்கள். அந்த ஒரு வாய்த் தண்ணீரில் தேறியவர்கள் இன்று மின்வாரியத்திலும் பள்ளிக்கூடங்களிலும் இருக்கிறார்கள், சிலர் இதோ இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் உங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மெயின் சுவிட்சை யார் போட்டாரோ அவர்தான் அணைக்க வேண்டும், அதுவரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. "நடுவுல கை மாறுனா, கம்பில கரண்டு இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? ஒருத்தரு போட்டா அவுகளேதேன் அணைக்கணும்" என்பீர்கள். கல்லூரி முதல்வர் என்றும் பார்த்ததில்லை. மெயினைப் போட்டுவிட்டுத் தேனிக்குக் கூட்டத்துக்குக் கிளம்பிய ஒரு முன்னாள் முதல்வரைப் போனில் பிடித்து, பழனிசெட்டிபட்டியிலிருந்து காரைத் திருப்ப வைத்தீர்கள். அந்தப் பெரிய மனிதரும் வந்தார், அணைத்தார், "தப்புதேன்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேனிக்குப் போனார். இந்தச் சட்டத்தை அவையோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

உப்புத் தண்ணீரில் நிலவு எடுத்தவரே! நீங்கள் பணியில் சேர்ந்த ஆண்டு நம் நிறுவனர் நாள் நாடகத்துக்கு விளக்கு என்றால் நான்கு டியூப்லைட். அரண்மனைக்கும் அதே டியூப்லைட், காட்டுக்கும் அதே டியூப்லைட், அரசன் செத்தாலும் அதே டியூப்லைட். முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது கல்லூரி முழுக்கப் பரவிய பேச்சு: "காட்டுல வழி தவறுன ராசாவா இது? ரேசன் கடை வரிசையில நிக்கிறவரு மாதிரில்ல இருக்காரு!"

மறு ஆண்டு விளக்குகள் உங்கள் பொறுப்பில் வந்தன. காலியான எண்ணெய் டின்களை வாங்கி ஒருபக்கம் வெட்டி, உள்ளே பல்பு பொருத்தி, முன்னால் வண்ணத்தாள் ஒட்டினீர்கள். வாளியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, அதற்குள் இரண்டு தகடுகளை நெருக்கியும் விலக்கியும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தீர்கள். மரப்பலகை மேல் ரப்பர் செருப்போடு நின்று, நாலு முழத்துக்குள் ஒருவரையும் விடாமல் நீங்கள் அந்த வாளியை ஆண்டபோது, இந்த மேடையில் முதல்முறையாக மெல்ல மெல்ல நிலவு எழுந்தது. (இதைக் கேட்கும் மாணவர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். சாபிராம்மாவே பிற்பாடு அந்த வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஆய்வகத்து டிம்மர் கருவிக்கு மாறிவிட்டார்.) அன்று கூட்டம் வசனத்துக்குக் கைதட்டவில்லை, நிலவுக்குத் தட்டியது. வசனம் எழுதியவனுக்கு அதில் இன்றைக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

அன்று தொடங்கி முப்பது நாடகம். முப்பது அழைப்பிதழ். அத்தனையிலும் கதை, வசனம், இயக்கம் என்று எங்கள் பெயர்கள் பட்டத்தோடும் பதவியோடும் பளபளத்தன. கடைசி வரியில் மட்டும் "ஒளி, காட்சி அமைப்பு: இயற்பியல் துறை" என்று இருக்கும். ஆசிரியர் பெயர் மட்டும்தான் அழைப்பிதழில் வரும் என்பது வழக்கம் என்று சொல்லிக்கொண்டோம். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாடகம் முடிந்து எல்லோரும் மேடையில் வரிசையாக நின்று கும்பிடும்போதும் நீங்கள் வந்ததில்லை. மேடையில் விளக்கு எரியும்வரை டிம்மர் அருகில்தான் இருப்பீர்கள், உங்கள் சட்டம் அப்படி. மேடையோரத்து ஓட்டுக்கொட்டகைக்குள் இருட்டில் நிற்கும் உங்களை ஊர் ஒருநாளும் பார்த்ததில்லை. எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி போன சனிக்கிழமைக்கு வருகிறோம்.

"மதில் காத்த மங்கை" நம் கல்லூரியின் பழம்பெரும் நாடகம், கதை ஊரறிந்தது. அரசன் கோட்டை கட்டுகிறான், மதில் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கிறது. உயிரோடு ஒரு பெண்ணை உள்ளே வைத்துக் கட்டினால் நிற்கும் என்று சொல்லக் கேட்டு, கொத்தனார் மகள் கார்குழலியை வைத்துக் கட்டுகிறார்கள். மதில் நிற்கிறது. அவளைத் தெய்வமாகக் கும்பிட்டு நாடகம் முடிகிறது. கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனர் நாளில் அதைப் போடுவது வழக்கம்.

இந்த ஆண்டும் அதே நாடகம் என்று முடிவானபோது, நீங்கள் தமிழ்த்துறை வாசலில் வந்து நின்றீர்கள். உங்கள் ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. முப்பத்தோராண்டில் எங்களிடம் நீங்கள் எதுவுமே கேட்டதில்லை. அன்று கேட்டீர்கள்.

"சார், எட்டுத் தடவ அந்தப் புள்ளைய செவத்துக்குள்ள வச்சு வெளக்க அணைச்சது நாந்தேன். நீங்க எழுதுனீக, அவுக நடிச்சாக, ஆனா அணைச்ச கை என் கைதான? போறதுக்கு முன்ன ஒரு தடவ அவள வெளிய விடுங்க சார்."

அன்றுதான் தங்கப்பாண்டியன் உட்கார்ந்து புது முடிவு எழுதினான். கடைசிக் கல் வைத்ததும் மதில் கரைய வேண்டும். உள்ளே கார்குழலி உயிரோடு நிற்க வேண்டும். "என்னைக் காக்காத மதில் எனக்கெதற்கு?" என்று கேட்டுக்கொண்டு அவள் நடந்து வெளியே வர வேண்டும். மதில் எப்படிக் கரையும் என்று எழுதியவனுக்குத் தெரியாது. "அத நான் பாத்துக்குறேன்" என்றீர்கள் நீங்கள்.

பார்த்துக்கொள்ள விட்டோமா? இல்லையே! இங்குதான் எங்கள் பெருந்தவறு. நீங்கள் வலையில் மதில் வரைவோம் என்று சொல்லச் சொல்ல, தங்கப்பாண்டியன் கோட்டை மதிலை முப்பதடி ஃபிளெக்ஸில் அச்சடித்துக்கொண்டு வந்து நின்றான். அரசியல் கூட்டம், காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் ஃபிளெக்ஸ் கட்டியே பழகிய கை அல்லவா! கல்லுக்குக் கல் தத்ரூபமாய் இருந்தது. மூங்கில் சட்டத்தில் அதைக் கட்டி, இரண்டாய்ப் பிரித்து இழுத்தால் மதில் விலகும் என்பது அவன் கணக்கு.

"சார், இது காத்து வாங்கும். ஆடி மாசம் இங்கன அடிக்கிற காத்துக்கு ஒங்க கோட்டை சின்னமனூரு போய்த்தேன் நிக்கும்" என்றீர்கள்.

"நிற்கும் சாபிராம்மா, கல்கோட்டை இது!" என்றான் அவன்.

புதன்கிழமை மாலை ஒத்திகையில் கடைசிக் கல்லை எடுத்து வைத்தார்கள். மேற்கே இருந்து ஒரு வீச்சு வந்தது. கல்கோட்டை பாய்மரம்போல் புடைத்தது, மூங்கில் சட்டத்தோடு முன்னால் சாய்ந்தது, அரசனின் கிரீடத்தைத் தட்டிவிட்டது, நடுவில் கிழிந்து போய்ப் புளியமரத்தில் மாட்டிக்கொண்டது. யாருக்கும் அடிபடாதது இறைவன் செயல். ஒத்திகை பார்க்க வந்திருந்த நம் கல்லூரிச் செயலர், போடி ஏலக்காய் வணிகர் சுயம்புலிங்கம் ஐயா, எழுந்து வந்தார். கோபப்படவில்லை, நியாயமாகத்தான் பேசினார். "சனிக்கெழம சனம் பூராம் வரும். மதில் ஒழுங்கா மறைஞ்சா புது முடிவு ஆடுங்க. இல்லைன்னா பழைய முடிவே ஆடுங்க. நடுவுல மாட்டிக்கிட்டு, அழ வேண்டிய எடத்துல ஊரு சிரிச்சிரக் கூடாது."

மூன்றே நாள். அவள் வெளியே வருவாளா, ஒன்பதாம் முறையும் உள்ளேயே போவாளா என்பது அந்த மூன்று நாளில் இருந்தது. நீங்கள் தங்கப்பாண்டியனைத் திட்டுவீர்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். திட்டவில்லை. "வெரசா ஒரு வண்டி பிடிங்க" என்று மட்டும் சொன்னீர்கள். திட்டியிருந்தால்கூட அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

காற்றின் குணம் அறிந்தவரே! வியாழன் காலை கம்பம் சாலையில் உமர் பாருக் என்பவரின் நாற்றுப்பண்ணைக்குப் போனீர்கள். நாற்றுகளுக்கு மேல் நிழலுக்குக் கட்டியிருந்த பழைய வலையைக் கேட்டீர்கள். "எடுத்துக்கங்கக்கா. ஆனா பூராம் ஓட்டையா இருக்கே?" என்றார் அவர். "ஓட்டைக்குத்தேனப்பா வந்துருக்கேன்" என்றீர்கள்.

அதற்குப்பின் கல்லூரி கண்டது ஒரு கண்கொள்ளாக் காட்சி. வலையைத் தரையில் விரித்து, ஸ்பாஞ்சைச் சுண்ணாம்புக் கலவையில் தோய்த்து ஒற்றி ஒற்றிக் கற்கள் வரைய வேண்டும். வலையின் கண் அடைபடக் கூடாது. பொருளியல் துறையும் வணிகவியல் துறையும் முட்டிபோட்டு ஒற்றின. அலுவலகம் ஒற்றியது. சுயம்புலிங்கம் ஐயாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கல் ஒற்றினார். தங்கப்பாண்டியன் மட்டும் செய்த தவறுக்கு ஈடுகட்டும் வேகத்தில் பிரஷை எடுத்து மூன்று கல்லை மொழுமொழுவென்று பூசிவிட்டான். நீங்கள் பார்த்தீர்கள். உள்ளே போய் ஒரு விளக்குமாற்றை எடுத்து வந்து, அதில் ஓர் ஈர்க்குச்சியை உருவி அவன் கையில் கொடுத்தீர்கள்.

"ஒவ்வொரு கண்ணாக் குத்தி எடுங்க சார். கவித எழுதுற கைதான, பொறுமையா வரும்."

அடைபட்ட கண் எத்தனை என்று எண்ணவில்லை. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு வரை குத்தினான். முனைவர் பட்டம் வாங்கியபோதுகூட இவ்வளவு கற்றதில்லை என்று அவன் இங்கே ஒப்புக்கொள்கிறான்.

பிறகு நீங்கள் விளக்குகளை வைத்த விதம்தான் வித்தை. வலைக்கு முன்னால் பக்கவாட்டில் சாய்த்து விளக்கு அடித்தால், ஒளி கல்லின் மேல் மட்டும் விழுந்து மதில் கெட்டியாய் நிற்கும். அதைக் குறைத்து, பின்னாலிருக்கும் விளக்கைக் கூட்டினால் கல் மறைந்து, உள்ளே நிற்கும் ஆள் தெரியும். காற்று அடித்தால் வலை வழியாகப் போய்விடும். சொன்னால் இரண்டு வரி, செய்ய முப்பது ஆண்டுப் பழக்கம்!

சனிக்கிழமை மாலை ஏழு மணி. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் சனமெல்லாம் கைக்குட்டையோடு வந்து உட்கார்ந்தது. மதிலுக்குப் பின்னால் கார்குழலியாக நின்றவள் மூன்றாமாண்டு மாணவி மிஸ்பா. கடைசிக் கல் வைக்கப்பட்டது. மதில் நிமிர்ந்து நின்றது. ஆடிக்காற்றில் அது மெல்ல அசைந்தபோது மதில் மூச்சு விடுவதுபோல் இருந்தது. கூட்டம் அழ ஆரம்பித்தது.

நாடகப்படி அந்த நொடியே விளக்கு மாற வேண்டும். மாறவில்லை. பத்து எண்ணினோம். இருபது எண்ணினோம். ஐயோ, கெட்டதே குடி என்று தங்கப்பாண்டியன் கொட்டகைக்கு ஓடினான். நீங்கள் டிம்மர் மேல் கையை வைத்துக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"சாபிராம்மா, என்னாச்சு?"

"செத்தப் பொறுங்க சார். சனம் இன்னும் அழுது முடிக்கல."

முப்பது ஆண்டு நாடகம் எழுதியவனுக்கு அப்படி ஒரு வரி எழுத வந்ததில்லையே! விசும்பல் அடங்கி, ஆட்கள் எழுந்திருக்கலாமா என்று செருப்பைத் தேடுகிற நேரம் பார்த்து உங்கள் கை திரும்பியது. கல் ஒவ்வொன்றாய் மங்கியது. உள்ளே ஒரு தோள் தெரிந்தது, ஒரு கை தெரிந்தது. வாழைமண்டிக்காரர் ஒருவர் நாற்காலி மேலேறிக் கத்தினார்: "ஏலே, புள்ள உசுரோட இருக்குலே!"

மிஸ்பா வலையை விலக்கிக்கொண்டு வெளியே நடந்து வந்தாள். அரங்கமே எழுந்து நின்றது. சுயம்புலிங்கம் ஐயா தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினார். இந்தக் கல்லூரியில் வேலை பார்க்கிறோம் என்று நாங்கள் அத்தனை பேரும் நெஞ்சு நிமிர்ந்த நாள் அது.

எல்லோரும் மேடையேறினோம். பெயர் சொல்லிச் சொல்லிக் கும்பிட்டோம். உடுப்பு தைத்தவர்வரை சொன்னோம். கூட்டத்திலிருந்து குரல் வந்தது, "லைட்டு போட்டது யாரு? அவுகளக் கூப்பிடுங்க!" என்று. தங்கப்பாண்டியன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, நாக்குப் பழகிய பழக்கத்தில் சொன்னான்: "இயற்பியல் துறை."

துறைக்கு மக்கள் கைதட்டினார்கள். அந்தத் துறையின் கை கொட்டகைக்குள் இருந்தது. கார்குழலியை வெளியே விட்டுவிட்டு, உங்களை நாங்கள் உள்ளேயே வைத்துவிட்டோம். இதை எழுதும்போது எங்களில் பலருக்குக் கண்ணீர் எழுத்தை மறைத்தது. மன்னியுங்கள் என்று கேட்பதற்கு மடல் போதாது என்பதால்தான் வேறோர் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

அதற்குமுன் வாழ்த்து. கட்டிய கணவர் ஆரிப் ஐயாவோடும் பிள்ளைகளோடும் பேரன் பேத்திகளோடும் குறைவின்றி வாழ்க! ஊசியில் நூல் கோக்கும் கண்ணும், ஏணி ஏறும் காலும், எங்களைக் கிண்டலடிக்கும் நாக்கும் என்றும் உங்களுக்கு இப்படியே இருக்க இறைவன் அருள்க! இனி அச்சாகும் ஒவ்வோர் அழைப்பிதழிலும் "மதில்: சாபிரா பேகம்" என்ற வரி இருக்கும். நம் கல்லூரி உள்ளவரை அந்த வலையைக் கண் அடைபடாமல் காப்போம்.

இப்போது நீங்கள் முன்வரிசை ஓரத்தில், கொட்டகை கண்ணில் படுகிற இடமாய்ப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். அது தெரிந்துதான் மேடையில் உங்களுக்கு நாற்காலியே போடவில்லை. அங்கே உங்கள் மதில் மட்டும் நிற்கிறது. மெயினை யார் போட்டது என்று கேட்டீர்கள் அல்லவா? தங்கப்பாண்டியன் போட்டான். கொட்டகைக்குள் டிம்மர் பக்கத்தில் ரப்பர் செருப்போடு நிற்கிறான். நான்கு நாளாக மின்பணியாளரிடம் பழகியிருக்கிறான், பயப்பட வேண்டாம். உங்கள் சட்டப்படி போட்டவன்தான் அணைக்க வேண்டும். எனவே கொட்டகையில் இன்று உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

மிஸ்பா உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பின்படி வழியாய் ஏறி, மதிலுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். விளக்கு மாறக் கொஞ்ச நேரம் ஆகும், நாங்கள் இன்னும் அழுது முடிக்கவில்லை. முடித்ததும் மதில் கரையும். ஊர் உங்களைப் பார்க்கும்.

அப்போது வெளியே வாருங்கள், சாபிராம்மா.

இங்ஙனம்,
நீங்கள் வெளிச்சத்தில் நிறுத்திய
முல்லைச்சாரல் கலை அறிவியல் கல்லூரி ஆசிரியர்கள், அலுவலர்கள்
31.07.2025

(தங்கப்பாண்டியனின் ஒப்பம் மட்டும் இன்னும் இடவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வந்து இடுவார்.)